முன் கண்ணாடி மாற்றிய பிறகு காரின் கேமராவுக்கு ஏன் கேலிப்ரேஷன் தேவை?

டிப்பர் லாரியிலிருந்து தெறிக்கும் ஒரு ஜல்லிக்கல் போதும், காரின் முன் கண்ணாடியில் விரிசல் ஓடிவிடும். முன்பெல்லாம் இது பெரிய வேலையாக இருந்ததில்லை. பழைய கண்ணாடியை அறுத்து எடுப்பார்கள், புதியதைப் பேஸ்ட் வைத்து ஒட்டுவார்கள், பேஸ்ட் இறுகியதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். இப்போது வரும் பல கார்களில் அதே வேலைக்கான எஸ்டிமேட் தாளில் கண்ணாடி, பேஸ்ட், கூலி ஆகியவற்றுக்குக் கீழே ‘அடாஸ் கேமரா கேலிப்ரேஷன்’, அதாவது ஓட்டுநருக்கு உதவும் கேமராவின் நிலையை மீண்டும் அளந்து பதிவது, என்று கூடுதலாக ஒரு வரி இருக்கிறது. கேமராவைக் கழற்றி அதே இடத்தில் மாட்டியாகிவிட்டது, மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை, பிறகு எதற்கு இந்தச் செலவு என்று வண்டிக்காரர் கேட்பது இயல்புதான். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லிப் பேரம் பேசுபவர்களும் உண்டு. அப்படிச் செய்வதற்கு முன்பு, அந்தக் கேமரா சாலையை எப்படி அளக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

காருக்குள் அமர்ந்து மேலே பார்த்தால், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடிக்கு அப்பால், விண்ட்ஷீல்டின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி தெரியும். அதற்குள் இருக்கும் சிறிய லென்ஸ்தான் நாம் பேசும் கேமரா. சாலையின் கோடுகளைத் தேடிப் பார்ப்பது, முன்னே செல்லும் லாரியையும் பைக்கையும் நடந்து போகிறவரையும் பிரித்தறிவது, வேக வரம்புப் பலகையைப் படிப்பது, எதிரே வண்டி வந்தால் ஹைபீமைத் தாழ்த்துவது என்று பல வேலைகள் இந்த ஒரே கேமராவின் தலையில் இருக்கின்றன. அது தரும் தகவலை வைத்துத்தான் கார் ஆபத்து நேரத்தில் தானாக பிரேக் போடுகிறது, ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பித் தன் தடத்துக்குள் நிற்கிறது, முன்வண்டியோடு இடைவெளி விட்டு ஓடுகிறது.

ஓட்டுநருக்கு உதவும் இத்தகைய வசதிகளைச் சேர்த்து அடாஸ் என்று அழைக்கிறார்கள். இந்தியச் சந்தையில் 2020-இல் எம்ஜி குளோஸ்டரும், 2021-இல் மகிந்திரா எக்ஸ்யூவி700, எம்ஜி ஆஸ்டர் ஆகியவையும் இவற்றோடு வந்தன. 2022-இல் ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட் மாடலிலும், 2023-இல் ஹூண்டாய் வெர்னா, கியா செல்டோஸ், டாடா ஹேரியர், சஃபாரி ஆகியவற்றிலும் வந்து, இன்று நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்களுக்குள்ளும் நுழைந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து விற்கப்படும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் தானியங்கி அவசர பிரேக்கும் தடம் காக்கும் உதவியும் கட்டாயம். ஆகவே இந்தக் கேலிப்ரேஷன் விவகாரம் சொகுசுக் கார் வைத்திருப்பவர்களின் தனிக் கவலையாக இனி இருக்கப்போவதில்லை.

இந்த அமைப்புகள் இரண்டு வகைப்படும். ஹோண்டா சிட்டி ஹைபிரிட், எலிவேட் போன்றவற்றில் முன்புறத்தைப் பார்ப்பது கேமரா மட்டுமே. மற்றப் பல கார்களில் பம்பருக்கோ கிரில்லுக்கோ பின்னால் ஒரு ரேடாரும் இருக்கும். ரேடார் ரேடியோ அலைகளை அனுப்பித் தூரத்தை நேரடியாக அளக்கும் என்பதால் கண்ணாடி மாற்றுவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் முன்னே 60 மீட்டரில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று ரேடார் சொன்னாலும், அது என்ன, எந்தத் தடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்வதில் கேமராவுக்கே பெரும்பங்கு. ரேடார் இருப்பதால் கேமரா கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துவிட முடியாது.

கோணத்தில் நடக்கும் கணக்கு

ஒற்றைக் கேமராவுக்குத் தூரம் என்பது தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் படத்தில் ஒரு புள்ளி எந்த இடத்தில் விழுகிறது என்பது மட்டும். அந்தப் புள்ளியின் இடத்தை அது ஒரு கோணமாக மாற்றிக்கொள்கிறது. அதாவது, நேர் எதிரே உள்ள திசையிலிருந்து அந்தப் பொருள் எத்தனை டிகிரி இடப்பக்கம் அல்லது வலப்பக்கம், தொடுவானத்திலிருந்து எத்தனை டிகிரி கீழே என்று கணக்கிடுகிறது. நேர் எதிர்த் திசை எது, தொடுவானம் எங்கே என்பவை கேமராவின் நினைவகத்தில் முன்பே பதிந்திருக்க வேண்டும். தரையிலிருந்து தான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறோம், காரின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பவையும் அப்படியே. தொழிற்சாலையில் கார் முடிந்து வெளியே வரும்போது இவை அளந்து பதியப்படுகின்றன. கேலிப்ரேஷன் என்பது இந்த மதிப்புகளைப் புதிதாக அளந்து மீண்டும் பதிவதுதான். லென்ஸைத் திருகிச் சரிசெய்யும் வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். பொதுவாகத் திருகுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கேமரா இருக்கும் நிலையிலேயே இருக்கும், அந்த நிலையைப் பற்றி அதற்குத் தெரிந்திருக்கும் விவரம்தான் திருத்தப்படுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கேமரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் தொலைவில் நிற்கும் வண்டியின் டயர் தரையைத் தொடும் இடம், தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 1.5 டிகிரி கீழே தெரியும். கேமரா அந்த 1.5 டிகிரியையும் 1.3 மீட்டரையும் வைத்து, வண்டி 50 மீட்டரில் நிற்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்துவிடும். இப்போது கண்ணாடி மாற்றியதில் கேமரா அரை டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்துவிட்டது, ஆனால் அதன் நினைவகத்தில் பழைய நிலையே இருக்கிறது என்று கொள்வோம். கேமரா கீழே சாயும்போது படத்தில் எல்லாம் சற்று மேலே ஏறித் தெரியும். அதனால் டயர் இருக்கும் இடம் தொடுவானத்திலிருந்து 1 டிகிரிதான் கீழே இருப்பதாக அதற்குத் தோன்றும். கணக்கின் விடை 75 மீட்டர் என்று வரும். 50 மீட்டரில் நிற்கும் வண்டியை, இன்னும் 25 மீட்டர் அப்பால் இருப்பதாக அது நம்பிவிடும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கார் 25 மீட்டரைக் கடக்க ஒரு விநாடிகூட ஆகாது. தவறு எதிர்ப்பக்கமாக, கேமரா அரை டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால், அதே வண்டி 37 மீட்டரில் இருப்பதாகத் தெரியும். தேவையில்லாத நேரத்தில் எச்சரிக்கை ஒலிக்கவும், பின்னால் வருபவர் திடுக்கிடும்படி கார் தானாக பிரேக் போடவும் அது காரணமாகலாம்.

பக்கவாட்டுக் கணக்கு இன்னும் எளிது. 1 டிகிரி விலகல் 100 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 1.75 மீட்டராக விரியும். நம் நெடுஞ்சாலைகளில் ஒரு தடத்தின் அகலம் பொதுவாக 3.5 மீட்டர். அதாவது ஒரே ஒரு டிகிரித் தவறில், நம் தடத்தின் நடுவில் போகும் லாரி தடத்துக் கோட்டின்மேல் போவதாகக் கேமராவுக்குத் தெரியும்; பக்கத்துத் தடத்தில் கோட்டை ஒட்டிச் செல்லும் பைக், நமக்கு நேர் முன்னால் வந்துவிட்டதாகவும் தெரியும்.

உண்மையான அமைப்புகள் இந்த ஒரே கணக்கை மட்டும் நம்பியிருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வண்டியின் தோற்ற அகலம், அது படத்தில் எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பது, ரேடார் இருந்தால் அதன் அளவீடு என்று பலவற்றை ஒப்பிட்டே அவை முடிவெடுக்கின்றன. அதனால் மேலே சொன்ன 25 மீட்டர் தவறு எல்லா வண்டிகளிலும் அப்படியே நடக்கும் என்று பொருளில்லை. ஆனால் எல்லா ஒப்பீடுகளுக்கும் அடியில் இருப்பது கேமராவின் கோணம் என்பதால், அது பிசகினால் மற்றவை அதைத் தாங்கிப்பிடிக்கப் போராட வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு கூர்மையான கேள்வி எழலாம். பின்னால் டிக்கி நிறைய மூட்டை ஏற்றினாலே காரின் மூக்கு நிமிர்ந்துவிடுகிறதே, அப்போது கேமராவும் சாயத்தானே செய்யும்? ஆம், சாயும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.75 மீட்டர் உள்ள ஒரு காரின் பின்புறம் 3 செ.மீ. தாழ்ந்தால், அரை டிகிரிக்கும் அதிகமான சாய்வு வந்துவிடும். இதைச் சமாளிக்க, ஓடிக்கொண்டிருக்கும்போதே கேமரா சாலைக் கோடுகள் தொலைவில் ஒன்றுசேரும் புள்ளியைக் கவனித்துத் தன்னைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும் வசதி பல கார்களின் மென்பொருளில் இருக்கிறது. கேலிப்ரேஷனே வேண்டாம், ஓட்ட ஓட்டத் தானாகச் சரியாகிவிடும் என்று சில கடைகளில் சொல்வதற்கு அடிப்படை இதுதான். ஆனால் இந்தத் தானியங்கித் திருத்தம், ஏற்கெனவே சரியாகப் பதிந்த ஒரு மதிப்பைச் சுற்றிக் குறுகிய எல்லைக்குள் மட்டும் நடக்கும். மூட்டையை இறக்கியதும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டிய திருத்தம் அது. அடிப்படை மதிப்பே தவறாக இருந்தால், திருத்தத்துக்கென்று விட்டிருக்கும் இடைவெளியின் பெரும்பகுதி அந்தத் தவறைச் சுமப்பதிலேயே தீர்ந்துவிடும். அதன்பிறகு குடும்பத்தோடு மூட்டை முடிச்சுகளுடன் ஊருக்குக் கிளம்பும் நாளில் அது கைவிட்டுவிடும்.

கண்ணாடியோடு சேர்ந்து மாறுபவை

கேமரா பொதுவாகக் காரின் கூரையில் திருகப்படுவதில்லை. கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒட்டப்பட்ட ஒரு பிராக்கெட்டில்தான் மாட்டப்படுகிறது. கண்ணாடி மாறினால் பிராக்கெட்டும் மாறுகிறது. கேமராவைப் பிடித்திருக்கும் பகுதி 8 செ.மீ. நீளம் என்று கொண்டால், அதன் ஒரு முனை 1 மி.மீ. உயர்ந்து ஒட்டியிருந்தாலே சாய்வு 0.7 டிகிரியைத் தாண்டிவிடும். மேலே பார்த்த அரை டிகிரியைவிட இது அதிகம். இதோடு ஒப்பிட்டால், கண்ணாடியைச் சுற்றி வைக்கும் பேஸ்ட்டின் தடிமன் மேலும் கீழும் 2 மி.மீ. வேறுபட்டாலும், அது கண்ணாடியின் முழு உயரத்துக்கும் பரவிவிடுவதால், 0.1 டிகிரியைச் சற்றே தாண்டும் சாய்வைத்தான் தரும். பேஸ்ட் வேலையைப் பற்றி மட்டும் கவலைப்படுபவர்கள், பிராக்கெட் எப்படி வந்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும். தொழிற்சாலையிலேயே பிராக்கெட் ஒட்டிய கண்ணாடி கிடைக்கும்போது, பழைய கண்ணாடியிலிருந்து பிராக்கெட்டைப் பெயர்த்துப் புதியதில் கையால் ஒட்டுவதாகச் சொன்னால் அந்த இடத்தைத் தவிர்ப்பதே நல்லது.

இரண்டாவது, கண்ணாடியே ஓர் ஒளியியல் பொருள். முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. அது வளைந்தும், படுக்கைவாட்டில் நன்றாகச் சரிந்தும் இருக்கிறது. உள்முகமும் வெளிமுகமும் முற்றிலும் இணையாக இருந்தால், ஒளிக்கதிர் சற்றே நகர்ந்து அதே திசையில் தொடரும். மிகச் சிறிய அளவில் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் கதிரின் திசையே மாறிவிடும். நம் கண் அதைப் பொருட்படுத்தாது. புது மூக்குக்கண்ணாடி போட்டவர் முதல் இரண்டு நாள் படியில் காலை ஏறுக்கு மாறாக வைத்துவிட்டுப் பிறகு பழகிவிடுவதுபோல, மூளை அதைச் சரிசெய்துகொள்ளும். கேமராவுக்கு அப்படிப் பழகிக்கொள்ளச் சொல்லித் தருவதுதான் கேலிப்ரேஷன்.

மூன்றாவதாக, ஒரே மாடலுக்குப் பல வகைக் கண்ணாடிகள் இருக்கும். கேமரா இல்லாத கீழ் வேரியன்ட்டுக்கு ஒன்று, மழை சென்சார் உள்ளதற்கு ஒன்று, ஓட்டுநரின் கண்முன் வேகத்தைக் கண்ணாடியிலேயே காட்டும் வசதி உள்ளதற்கு ஒன்று என்று அவை வேறுபடும். கண்ணாடியில் காட்டும் வசதி உள்ள வண்டிகளில் எழுத்து இரட்டையாகத் தெரியாமல் இருக்க, நடுப் படலத்தையே வேண்டுமென்று ஆப்பு வடிவில் செய்வதுண்டு. கேமராவுக்கு முன்னால் கறுப்பு வண்ணம் பூசாமல் விட்டிருக்கும் சிறிய ஜன்னல் போன்ற பகுதியின் அளவும் வடிவமும்கூட வேறுபடும். அளவில் பொருந்துகிறது என்பதற்காக வேறு வேரியன்ட்டின் கண்ணாடியை மாட்டினால், கேலிப்ரேஷனே முடியாமல் மீண்டும் மீண்டும் தோற்பதைப் பார்க்க நேரிடலாம். வாங்கும் கண்ணாடியின் மூலையில் தயாரிப்பாளர் பெயரும் ஐஎஸ் 2553 என்ற தர முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்ப்பதோடு, வண்டியின் சேசிஸ் எண்ணை வைத்துப் பாகத்தின் எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுவதும் அவசியம்.

கல் பட்டு ஏற்பட்ட சிறிய குழியைப் பிசின் ஊற்றி அடைத்து, கண்ணாடியை மாற்றாமலே தப்பிக்க முடியும். அப்படிச் செய்தால் கேமராவைத் தொட வேண்டியதில்லை, கேலிப்ரேஷனும் தேவைப்படாது. குழி கேமராவின் பார்வைப் பகுதிக்குள் இருந்தால் மட்டும் இந்த வழி உதவாது. அடைத்த பிசின் ஒளியைச் சிதறடிக்கும்.

பணிமனையில் நடப்பது

கேலிப்ரேஷன் இரண்டு விதமாக நடக்கிறது. வண்டியை நிறுத்திவைத்து முன்னால் பலகை வைத்துச் செய்வது ஒன்று. கணினியை இணைத்துச் சாலையில் ஓட்டிச் செய்வது மற்றொன்று. எந்தக் காருக்கு எது என்பதைத் தயாரிப்பு நிறுவனமே வரையறுத்திருக்கும். சில கார்களுக்கு இரண்டும் வேண்டும். இதில் பணிமனைக்கோ வண்டிக்காரருக்கோ விருப்பத் தேர்வு கிடையாது.

நிறுத்திவைத்துச் செய்யும் முறையில் நேரம் போவதெல்லாம் முன்னேற்பாட்டில்தான். தரை சமமாக இருக்க வேண்டும். நான்கு டயர்களிலும் காற்று குறிப்பிட்ட அளவில் இருக்க வேண்டும். டிக்கியில் சுமை இருக்கக் கூடாது. சில நிறுவனங்கள் எரிபொருள் தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்க வேண்டும் என்பதைக்கூடச் சொல்கின்றன, ஏனென்றால் அந்த எடையும் வண்டியைச் சாய்க்கும். வீல் அலைன்மென்ட் சரியில்லாத வண்டிக்கு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கார் உண்மையில் எந்தத் திசையில் நேராக ஓடும் என்பதைப் பின்சக்கரங்கள் தீர்மானிப்பதால், கேமராவின் ‘நேர் எதிரே’ அந்தத் திசையோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு லேசர் கருவியாலோ தூக்குக்குண்டாலோ காரின் நடுக்கோட்டைத் தரையில் குறித்து, அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, சொல்லப்பட்ட தூரத்திலும் உயரத்திலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களோ வட்டங்களோ அச்சிட்ட பலகையை நிறுத்துகிறார்கள். பலகையின் வடிவம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு.

பலகையை வைப்பதில் கவனம் எவ்வளவு முக்கியம் என்பதையும் கணக்கால் பார்க்கலாம். பலகை கேமராவிலிருந்து 1.5 மீட்டரில் இருக்கும்போது அதை 1 செ.மீ. பக்கவாட்டில் தள்ளி வைத்தால், ஏறக்குறைய 0.4 டிகிரித் தவறு கேமராவின் நினைவில் நிலையாகப் பதிந்துவிடும். கருவி ‘வெற்றி’ என்றே காட்டும். பலகை தவறான இடத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. எனவே பட்டறையில் டேப்பைப் பிடித்து ‘இவ்வளவு போதும்’ என்று கண்ணளவில் வைப்பவரிடம் கேலிப்ரேஷன் செய்வதைவிட, செய்யாமல் இருப்பதே மேல் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. வெயில் நேரடியாக விழும் தகரக் கொட்டகையிலும் இது சரிவராது. வெளிச்சம் சீராக இருக்க வேண்டும். பலகையில் பளபளப்போ நிழலோ விழக் கூடாது. கேமரா பார்க்கும் பக்கத்தில் கட்டங்கள் போட்ட வேறு சுவரோ போஸ்டரோ இருந்தால் அதுவும் குழப்பும்.

எல்லாம் தயாரானதும் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள, காரின் கணினியோடு இணைக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டி, மென்பொருளின் கட்டளைப்படி கேமராவைப் பலகையைப் பார்க்கச் செய்கிறார்கள். பலகையின் ஒவ்வொரு கட்டமும் எங்கே தெரிய வேண்டும் என்பது கேமராவுக்குத் தெரியும்; எங்கே தெரிகிறது என்பதை இப்போது பார்க்கிறது; இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தன் சாய்வைக் கணக்கிட்டுப் பதிந்துகொள்கிறது. இந்தக் கடைசிப் படி சில நிமிடங்களில் முடிந்துவிடும். பார்த்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளருக்கு ‘இதற்கா இவ்வளவு பணம்’ என்று தோன்றுவதும் இந்த இடத்தில்தான்.

ஓட்டிச் செய்யும் முறையில் பலகை கிடையாது. சாலைக் கோடுகளும் முன்னே செல்லும் வண்டிகளுமே பலகையின் வேலையைச் செய்கின்றன. ஸ்கேனரில் தொடக்கிவிட்டு, நிறுவனம் சொன்ன வேக எல்லைக்குள், கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் சீராக ஓட்ட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. நம் ஊரில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தேய்ந்துபோன கோடு, தார் ஒட்டுப் போட்ட தடம், நடுவில் திடீரென்று முளைக்கும் தடுப்பு, எதிர்த் திசையில் வரும் பைக் ஆகியவற்றுக்கு நடுவே ஒரே வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டுவது நகருக்குள் நடக்காத காரியம். சென்னையில் என்றால் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை போன்ற ஒன்றைத் தேடிப் போக வேண்டியிருக்கும். மழையிலும், கோடு தெரியாத இருட்டிலும், சூரியன் நேர் எதிரே தாழ்ந்திருக்கும் மாலையிலும் முயல்வது வீண். ஓட்டுபவர் ஒருவரும் ஸ்கேனரைப் பார்ப்பவர் ஒருவருமாக இருவர் போவதே பாதுகாப்பு.

டெஸ்லா கார்கள் இந்த இரண்டாவது முறையை முழுமையாகக் காரிடமே ஒப்படைத்துவிட்டன. கேமராவையோ கண்ணாடியையோ மாற்றிய பிறகு திரையில் கேலிப்ரேஷனைத் தொடக்கிவிட்டால், பெரும்பாலும் 32 முதல் 40 கி.மீ. வரை ஓடியதும் அது தானாக முடிந்துவிடும் என்று அந்நிறுவனத்தின் கையேடு சொல்கிறது. அதுவரை அதன் ஓட்டுநர் உதவி வசதியான ஆட்டோபைலட் வேலை செய்யாது. இதைக் கேள்விப்பட்டு, எல்லாக் கார்களும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பேஸ்ட் இறுகுவதற்கும் கேலிப்ரேஷனுக்கும் தொடர்பு உண்டு. கண்ணாடியை ஒட்டும் யூரித்தேன் பசை, ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் பொறுத்து மெல்ல இறுகும். வண்டியை எப்போது நகர்த்தலாம் என்பது பசையின் உறையிலேயே எழுதியிருக்கும். அந்த நேரம் கடப்பதற்குள் அவசரப்பட்டுக் கேலிப்ரேஷன் செய்தால், பிறகு கண்ணாடி அமர்ந்து கேமராவும் அதோடு நகர வாய்ப்புண்டு. காலையில் விட்டு மதியமே வண்டி வேண்டும் என்று நெருக்குவதால் நாமே இந்தத் தவறுக்குத் துணைபோகிறோம்.

விளக்கு எரியாததை நம்பலாமா

கேலிப்ரேஷன் இல்லை என்பதைக் கண்டுபிடித்து மீட்டரில் எச்சரிக்கை காட்டும் கார்கள் உண்டு. குறிப்பாகப் புதிய கேமரா பொருத்தினால், அது கேலிப்ரேஷன் ஆகும்வரை வேலை செய்ய மறுத்துவிடும். ஆனால் கண்ணாடியை மட்டும் மாற்றிப் பழைய கேமராவையே மாட்டினால், அதன் நினைவகத்தில் பழைய மதிப்புகள் இருப்பதால் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே அது எண்ணிக்கொள்ளும். மின் இணைப்பு சரி, படம் தெளிவு, பதிவு இருக்கிறது. எச்சரிக்கை காட்ட அதற்குக் காரணம் எதுவும் இல்லை. முற்றிலும் வேலை செய்யாத கேமராவைவிட இதுவே ஆபத்தானது. வேலை செய்யாத கேமரா தன்னைப் பற்றிச் சொல்லிவிடும், ஓட்டுநரும் எச்சரிக்கையாக இருப்பார். கோணம் பிசகிய கேமரா தவறான விடையை நம்பிக்கையோடு சொல்லும்.

கார் எப்போதும் ஒரு பக்கக் கோட்டை ஒட்டியே ஓடப் பார்ப்பது, கோட்டின்மேல் இல்லாதபோதே தடம் விலகியதாக அதிர்வு வருவது, வளைவில் பக்கத்துத் தடத்து வண்டியைக் கண்டு பிரேக் போடுவது, முன்வண்டியை மிகத் தாமதமாக அடையாளம் காண்பது ஆகியவை கேலிப்ரேஷன் பிசகியதன் அறிகுறிகள். ஆனால் அவசர பிரேக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அட்டைப்பெட்டியை நிறுத்தி அதை நோக்கி ஓட்டுவதும், நண்பரை முன்னால் நிற்கவைப்பதும் ஒருபோதும் செய்யக் கூடாத வேலை. கேமரா அந்தப் பெட்டியைப் பொருட்படுத்தாமல் விடுவது அதன் வடிவமைப்பாகவே இருக்கலாம். அந்தச் சோதனையால் எதுவும் நிரூபணமாகாது.

கேமராவின் பார்வையைக் கெடுப்பதில் நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. புதுக் கண்ணாடி போட்ட கையோடு ஃபாஸ்டேக்கை மீண்டும் ஒட்டும்போது, அது லென்ஸின் முன்னால் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டேஷ்கேமை மாட்டுபவரும், ஃபிலிம் ஒட்டுபவரும் அந்தக் கறுப்புப் புள்ளிகளுக்கு நடுவே உள்ள தெளிவான பகுதியைத் தொடாமல் விட வேண்டும். ஆயுத பூஜைக்குக் கண்ணாடியின் நடு உச்சியில் சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கம். இந்தக் கார்களில் அதைச் சற்றுக் கீழே, பானெட்டின்மேல் வைத்துவிடலாம்.

கண்ணாடி மாற்றுவது மட்டுமே கேலிப்ரேஷனுக்கான காரணம் அன்று. கேமராவைக் கழற்றி மாட்டினாலும், சஸ்பென்ஷன் வேலை செய்து வண்டியின் உயரம் மாறினாலும், கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டாலும், முன்புறம் விபத்தில் அடிபட்டாலும் மீண்டும் பார்க்க வேண்டும். ரேடார் உள்ள காரில் பம்பரைக் கழற்றினால் ரேடாருக்கு இதே போன்ற தனி வேலை உண்டு.

செலவும் சான்றும்

காப்பீட்டைப் பொறுத்தவரை, இந்தியாவின் மோட்டார் பாலிசிகளில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது; பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதியைக் கழிப்பதுபோல இதற்குக் கழிப்பதில்லை. 1500 சிசி வரை உள்ள காருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் நாம் கட்ட வேண்டிய கட்டாயப் பங்கு. ஆனால் கேலிப்ரேஷன் என்பது பாகமும் அன்று, வழக்கமான கூலியும் அன்று என்பதால், எஸ்டிமேட் போடும்போதே அதைத் தனி வரியாகச் சேர்த்து, சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டுச் சர்வேயரின் ஒப்புதலை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வேலை முடிந்த பிறகு பில்லில் சேர்த்தால் தகராறு வரும். கிளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு நோ கிளெய்ம் போனஸ் போகுமா, அதற்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திருக்கிறோமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

வெளிக் கடையில் கண்ணாடி மாற்றினால் செலவு குறையும். பல கடைகள் அதை நன்றாகவே செய்கின்றன. ஆனால் கேலிப்ரேஷனை அவர்களே செய்கிறார்களா, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு அனுப்புகிறார்களா, உங்கள் மாடலுக்கான பலகையும் மென்பொருளும் அவர்களிடம் இருக்கின்றனவா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கண்ணாடியை ஓரிடத்திலும் கேலிப்ரேஷனை வேறிடத்திலும் செய்தால், தோற்கும்போது இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். முடிந்ததும் ஸ்கேனர் தரும் அறிக்கையின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியின் சேசிஸ் எண், தேதி, வேலைக்கு முன்னும் பின்னும் இருந்த பிழைக் குறியீடுகள், கேலிப்ரேஷன் முடிந்ததற்கான பதிவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். ‘எல்லாம் செட் பண்ணியாச்சு சார்’ என்ற வாய்ச்சொல் பின்னாளில் விபத்துக் கிளெய்முக்கோ வண்டியை விற்கும்போதோ உதவாது.

கண்ணாடி மாற்றிச் சில நாள் கழித்துத்தான் கேலிப்ரேஷனுக்கு நேரம் கிடைக்கிறது என்றால், அதுவரை தடம் காக்கும் உதவியையும் இடைவெளி காக்கும் க்ரூஸையும் மெனுவில் அணைத்துவிட்டு, இவை எதுவும் இல்லாத பழைய காரை ஓட்டுவதாக எண்ணி ஓட்டுங்கள். அவசர பிரேக்கைப் பொறுத்தவரை, பல கார்களில் ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் அது தானாக மீண்டும் இயங்கத் தொடங்கிவிடும். ஆகவே முன்வண்டியோடு இடைவெளியை வழக்கத்தைவிடக் கூட்டியே வைத்திருப்பது நல்லது. கேலிப்ரேஷன் முடிந்த பிறகு முதல் ஓட்டத்தைப் பகலில், நெரிசல் இல்லாத சாலையில், இரு கைகளும் ஸ்டீயரிங்கில் இருக்க வைத்துக்கொள்ளுங்கள். கார் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு ஓடுவதாகத் தெரிந்தால், அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வாரத்துக்குள்ளேயே திரும்பப் போய் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள்.